கல்லையும் கவியையும் சேர்த்துக் கற்பித்த பேராசான்

கங்கைகொண்ட சோழபுரத்திற்கு வருவோர், கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு இராசேந்திர சோழனின் பெயரைச் சொல்லாமல் திரும்புவதில்லை. அவன் கங்கை வென்றதும், கடாரம் கொண்டதும், சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டுவித்ததும் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். பொங்கல் விழாவாயினும் நூல் வெளியீடாயினும், அம்மன்னன் பெயர் ஒலிக்காத கவியரங்கம் இப்பகுதியில் அரிது. ஆனால், அச்செய்திகளைக் கல்லிலிருந்தும் செப்பேட்டிலிருந்தும் திரட்டி, ஆட்சியாண்டு வாரியாக அடைவுபடுத்தி, தமிழ் மட்டுமே அறிந்தவர்க்கும் விளங்கும் வண்ணம் எழுதித் தந்த ஆசிரியரின் பெயர் அவ்வரங்குகளில் அவ்வளவாக ஒலிப்பதில்லை. அவர்தாம் திருப்புறம்பியம் வை. சதாசிவ பண்டாரத்தார்.

அரசர்களைப் பாடும் கவிஞர்கள் கூடும் ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில், அவ்வரசர்களை அறிமுகப்படுத்திய ஆசிரியரை நினைவுகூர்தல் முறையே. அதிலும், அவர் விட்டுச் சென்றது பெயர்ப் பட்டியலன்று; கல்வெட்டையும் செய்யுளையும் ஒருங்கு வைத்து உண்மை காணும் ஒரு பயிற்சி. அப்பயிற்சி கவிஞர்களுக்கே முதன்மையாக உரியது என்பதால், இந்நினைவு வெறும் சடங்காக முடிந்துவிடாது.

மூன்று நாள் இடைவெளியில் இருவர்

1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் சோழர் வரலாற்றிற்கு நற்காலம் எனலாம். அத்திங்கள் 12ஆம் நாள் நெல்லைச் சீமையின் கல்லிடைக்குறிச்சியில் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி பிறந்தார். 15ஆம் நாள் குடந்தையை அடுத்த திருப்புறம்பியத்தில் சதாசிவ பண்டாரத்தார் பிறந்தார். மூன்று நாள் இடைவெளியில் பிறந்த இவ்விருவரும் பிற்காலத்தில் ஒரே துறையில் உழைத்து, ஒரே அரச மரபின் வரலாற்றை எழுதினர். ஆயினும் இருவர் சென்ற வழிகளும் வேறு; இருவர்க்கும் வாய்த்த மாணவர்களும் வேறு.

சாஸ்திரியார் 1929 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு, தொல்லியல் துறையின் பேராசிரியராக விளங்கினார். சோழர் பற்றிய அவரது பெருநூலின் முதற்பகுதி 1935இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பண்டாரத்தாரோ குடந்தை வாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் கால் நூற்றாண்டுக் காலம் தமிழாசிரியராகப் பணியாற்றினார். 1942இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழாராய்ச்சித் துறையை அடைந்தார். ‘முதற் குலோத்துங்க சோழன்’ 1930இலும், ‘பாண்டியர் வரலாறு’ 1940இலும் வெளிவந்தன. ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ என்னும் பெருநூலின் முதற்பகுதி 1949இலும், இரண்டாம் பகுதி 1951இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடுகளாக வந்தன. மூன்றாம் பகுதி 1961இல் வெளிவந்தபோது அதனைக் காண ஆசிரியர் இல்லை. 1960 சனவரி 2ஆம் நாள் அவர் மறைந்துவிட்டார்.

நூலின் பெயரைக் கண்டு பலர் மயங்குவதுண்டு. பிற்காலச் சோழர் என அவர் குறித்தது, சங்க காலச் சோழரினின்று பிரித்தறிதற்பொருட்டு, விசயாலயன் வழிவந்த சோழரையே. அவ்வழியின் எழுச்சிக்குக் காரணமான போர் நிகழ்ந்த களம் அவர் பிறந்த ஊரேயாகும். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டியன் இரண்டாம் வரகுணனைப் பல்லவன் அபராசிதனும், கங்க அரசன் முதலாம் பிருதிவீபதியும், ஆதித்த சோழனும் ஒன்றுகூடி எதிர்த்த திருப்புறம்பியப் போரே அது. கங்க அரசன் அக்களத்தில் வீழ்ந்தான். வெற்றியின் பயன் நாளடைவில் சோழனைச் சேர்ந்தது. மண்ணியாற்றங்கரையில் அவ்வயல்களினூடே நடந்து வளர்ந்தவர் சோழர் வரலாற்றை எழுத வந்தது பொருத்தமேயாயினும், பிறந்த மண்ணின் பற்று மட்டும் ஒருவரை வரலாற்றாசிரியர் ஆக்கிவிடுவதில்லை. பற்றை ஆராய்ச்சியாக மாற்றும் உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பே அவரை ஆசான் ஆக்கியது.

தமிழ்க் கல்லும் ஆங்கில உரையும்

அவர் பணியின் அருமையை உணர, அக்காலத்து நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் முதல் தொகுதியை ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் 1890இல் பதிப்பித்தார். அதன்பின் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து வந்தன. கல் தமிழில் பேசியது. ஆனால் அதன் பொருளைக் கூறும் முன்னுரையும் குறிப்பும் ஆங்கிலத்தில் அச்சாயின. ஊர்க்கோயிலின் அதிட்டானத்தில் தன் பாட்டன் ஊரின் பெயரும், வாய்க்காலின் பெயரும், ஏரியின் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதை அவ்வூர்த் தமிழ் மாணவன் அறிய வேண்டுமாயின், ஆங்கிலத்தின் வழியாகவே சென்று அறிய வேண்டியிருந்தது. சாஸ்திரியாரின் சோழர் வரலாறு தமிழில் பெயர்த்துத் தரப்பட்டதும் அரை நூற்றாண்டு கடந்த பின்னரே.

இந்நிலையில் ‘செந்தமிழ்’, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப்பொழில்’ ஆகிய இதழ்களில் பண்டாரத்தார் வரைந்த கட்டுரைகள் ஒரு கதவைத் திறந்துவிட்டன. பல்கலைக்கழகத்தின் வாயிலைக் காணாத தமிழ்ப் புலவர்களும், சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்களும், புலவர் வகுப்பு மாணவர்களும் கல்வெட்டு என்பது தங்களுக்கும் உரிய நூல் என உணர்ந்தனர். தமிழ்ச் சங்கங்களின் இதழ்களே அன்று மக்களுக்கான வரலாற்று வகுப்பறைகளாக இருந்தன என்பது, இலக்கிய அமைப்புக்களை நடத்துவோர் நெஞ்சில் கொள்ளத்தக்க செய்தி. ஒரு சிறு சங்கத்தின் தாள்களில் வந்த கட்டுரை, ஒரு தலைமுறை ஆசிரியர்களின் பாடத்தை மாற்றக்கூடும்.

அவர் வகுப்பில் கற்பித்தது தமிழ். நூலில் கற்பித்தது வரலாறு. இவ்விரண்டும் அவரிடத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை. ‘இலக்கியமும் கல்வெட்டுக்களும்’ என அவருடைய நூலொன்றுக்கு அமைந்த பெயரே அவருடைய நெறியின் பெயருமாகும்.

வண்டை எது?

அந்நெறியை விளக்க ஒரு சான்று போதும். முதற் குலோத்துங்கன் காலத்தில், கி.பி. 1110ஐ ஒட்டி நிகழ்ந்த கலிங்கப் போரைச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். அப்போரின் தலைவன் கருணாகரத் தொண்டைமான். பரணி அவனை வண்டை நகர்க்குத் தலைவன் என்று போற்றுகிறது. தொண்டைமான் என்னும் பட்டப்பெயரைக் கண்டவர்கள், வண்டை என்பது தொண்டை நாட்டு ஊராகத்தான் இருக்கும் எனக் கொண்டு, சென்னைக்கு அருகிலுள்ள வண்டலூரே அது எனக் கருதினர். ஓசையும் ஒத்துவந்தது, பட்டமும் ஒத்துவந்தது. செய்யுளை மட்டும் வைத்துப் பார்ப்பின் அதனை மறுக்க வழியில்லை.

காஞ்சிபுரத்து அருளாளப் பெருமாள் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. அத்தலைவனின் தேவியார் திருவிளக்குக்குக் கொடை அளித்ததை அது கூறும். அதில் கருணாகரன், சோழ மண்டலத்துக் குலோத்துங்க சோழ வளநாட்டுத் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரிக்கு உரியவனாகக் குறிக்கப்பெறுகிறான். திருநறையூர் என்பது குடந்தையை அடுத்த நாச்சியார்கோயிற் பகுதி. வண்டாழஞ்சேரி இன்று வண்டுவாஞ்சேரி என வழங்குகிறது. ஆகவே பரணி கூறும் வண்டை சோழ நாட்டு ஊரே எனப் பண்டாரத்தார் நிறுவினார்.

இதில் அரசு கவிழ்ந்துவிடவில்லை. பெரும்போர் ஒன்றின் முடிவும் மாறவில்லை. ஓர் ஊர் தன் இடத்திற்குத் திரும்பியது, அவ்வளவே. ஆயினும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. பரணி பொய் கூறவில்லை. அதனைப் படித்தவர்கள்தாம் விரைந்து முடிவு கட்டினர். விளக்குக்குக் கொடை எழுதிய ஒரு கல், மாபெருங்காவியம் ஒன்றின் ஒரு சொல்லுக்கு உரை கூறியது. கவி வேண்டுமா, கல் வேண்டுமா என்பதன்று வினா. கவியில்லையேல் அக்கருணாகரனின் வீரம் தெரியாது. கல்லில்லையேல் அவன் ஊர் தெரியாது.

இம்முறையில் தேர்ந்த மாணவனுக்குக் கோயிற் சுவர் வெறும் சுவராகத் தோன்றாது. மூவருலாவைப் படிக்குங்கால் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகியோரின் மெய்க்கீர்த்திகளையும் அருகில் வைத்துக்கொள்வான். ஒட்டக்கூத்தர் எவ்விடத்தில் நடந்ததைக் கூறுகிறார், எவ்விடத்தில் உலாவுக்குரிய மரபை நிறைவேற்றுகிறார் எனப் பிரித்தறிவான். அவ்வாறு பிரித்தறிவதால் கவிதையின் சுவை குறைவதில்லை. புலவரின் கற்பனை எங்கே சிறகு விரிக்கிறது என்பது தெரியும்போது சுவை மிகுகிறது.

பழி சுமத்துவதில் தயக்கம்

பண்டாரத்தாரின் ஆசிரியப் பண்பை இன்னும் ஆழமாகக் காட்டுவது உடையார்குடிக் கல்வெட்டு பற்றிய செய்தி. கங்கைகொண்ட சோழபுரத்திற்குக் கிழக்கே, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உள்ளது. அங்குள்ள, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளும் அவர்தம் உறவினரின் உடைமைகளும் பறிமுதல் செய்யப்பெற்றதைக் குறிக்கிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தோரின் பெயர்கள் அதில் உள்ளன. அவருள் இருவர் பிரமாதிராசன் என்னும் உயர்ந்த அரசியற் பட்டம் உடையவர்.

இளவரசன் கொலையுண்டபின் அரியணை ஏறியவன் அவன் தம்பியாகிய அருண்மொழி அல்லன், சிற்றப்பனாகிய உத்தமசோழன். அவன் ஆட்சி கி.பி. 970 முதல் 985 வரை நிகழ்ந்தது. கொலைகாரரின் உடைமை பற்றிய ஆணையோ இராசராசன் காலத்துக் கல்லிலேயே காணப்படுகிறது. இவற்றை இணைத்து நோக்கிய நீலகண்ட சாஸ்திரியார், கொலையில் உத்தமசோழனுக்கும் பங்கு இருக்கக்கூடும் என ஐயுற்றார். பேரறிஞர் ஒருவரின் ஐயம் அது, எளிதில் தள்ளத்தக்கதன்று.

பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. கல்வெட்டு பெயர் கூறுவது அதிகாரிகளையே. உத்தமசோழனைச் சுட்டும் சொல் ஒன்றும் அதில் இல்லை. கொலையால் ஒருவன் பயனடைந்தான் என்பது, அவனே கொலை செய்வித்தான் என்பதற்குச் சான்றாகாது. உத்தமசோழனின் மகன் இராசராசன் ஆட்சியில் கோயிற் பணிகளைக் கண்காணிக்கும் உயர்பொறுப்பில் இருந்தான் என்பதும் கல்வெட்டால் அறியப்படும் செய்தியே. தமையனைக் கொல்வித்தவன் மகனிடத்து ஓர் அரசன் அவ்வளவு நம்பிக்கை வைத்தான் எனக் கொள்வதற்கு வலுவான காரணம் வேண்டும்.

இவ்வழக்கு இன்றும் முடிந்ததன்று. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ அதனை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. கதையைப் படித்துவிட்டு, உண்மையில் நிகழ்ந்தது யாது என வினவிய வாசகர்கள் பலர் வரலாற்று நூல்களைத் தேடிச் சென்றனர். அங்ஙனம் சென்றவர்களுக்குப் பண்டாரத்தாரின் நூல் கற்பித்தது ஒரு விடையை மட்டுமன்று. ஆயிரம் ஆண்டுக்கு முன் இறந்த, தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல இயலாத ஒரு மனிதன் மீதும் சான்றின்றிப் பழி சுமத்தலாகாது என்பதே அப்பாடம். வரலாறு கற்பிப்பவன் இறந்தாரிடத்தும் நேர்மை உடையவனாதல் வேண்டும். உயிரோடிருப்பவரைப் பற்றி ஆராயாது பேசும் வழக்கம் மலிந்த காலத்தில், இப்பாடம் வகுப்பறைக்கு வெளியேயும் தேவைப்படுகிறது.

மாணவர் எனப்படுவோர் யாவர்?

ஆசிரியர் ஒருவரின் செல்வாக்கை அளக்க அவர் மாணவர்களை நோக்குவது வழக்கம். சாஸ்திரியாரின் துறையில் பயின்ற சி. மீனாட்சி, பல்லவர் ஆட்சியும் சமுதாய வாழ்வும் பற்றி ஆராய்ந்து 1936இல் முனைவர் பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. பெண்களின் கல்வி அரிதாயிருந்த நாளில், கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களையும் கல்வெட்டுக்களையும் ஆராய்ந்த அவ்வம்மையார், 1940இல் முப்பத்தைந்து அகவையும் நிரம்பாமல் மறைந்தார். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பங்கள் பற்றிய அவருடைய நூல் அவர் மறைவுக்குப் பின் 1941இல் வெளிவந்தது. ஒரு துறையும் ஒரு நூலகமும் ஒரு பேராசிரியரும் வாய்க்கும்போது, குறுகிய வாழ்விலும் எத்துணைப் பணி இயலும் என்பதற்கு அவர் சான்று.

பண்டாரத்தாரின் மாணவர் கூட்டம் வேறு வகையது. வாணாதுறைப் பள்ளியில் இலக்கணமும் செய்யுளும் கேட்ட சிறுவர் ஒரு சாரார். அண்ணாமலை நகரில் அவரிடம் பயின்றோர் மற்றொரு சாரார். அவரை ஒருநாளும் காணாது, அவர் நூலையே ஆசிரியராகக் கொண்டவர் மூன்றாம் சாரார். இவர்களே எண்ணிக்கையில் மிக்கவர். ஊர்க்கோயிலுக்குத் தல வரலாறு எழுத அமர்ந்த பள்ளியாசிரியர், கல்வெட்டின் எண்ணையும் ஆட்சியாண்டையும் குறிக்கத் தொடங்கியபோது அவரும் பண்டாரத்தாரின் மாணவரே. ‘முன்னோர் கூறுவர்’ என்னும் சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், ‘இன்ன கல்லில் உளது’ என எழுதும் பழக்கம் தமிழ் நடையில் வேரூன்றியதற்கு அவருடைய நூல்களும் காரணமாயின. திருப்புறம்பியம், செம்பியன்மாதேவி முதலிய ஊர்களுக்கு அவரே தல வரலாறு எழுதி வழிகாட்டினார். தல வரலாறு என்பது புராணக் கதையோடு முடிவதன்று, ஊரின் நிலமும் நீரும் மக்களும் அதில் இடம்பெற வேண்டும் என்பது அவ்வழி.

கல் பறிபோன மண்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக்கு இந்நெறி ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒரு துயர வரலாறு உண்டு. கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழர் தலைநகராக விளங்கியது. இன்று எஞ்சியிருப்பது கோயிலும், மாளிகைமேட்டின் செங்கற் சுவர்களும், பொன்னேரி என வழங்கும் சோழகங்கத்தின் கரையுமே. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கோயிலின் கருங்கல் மதில் இடிக்கப்பட்டு, அக்கற்கள் அணைக்குக் கொண்டு செல்லப்பட்டன. தடுக்க முயன்ற ஊர்மக்கள் தண்டிக்கப்பட்டனர் என்றும், கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகக் கூறிய வாக்கு காக்கப்படவில்லை என்றும் அந்நூற்றாண்டின் பதிவே கூறுகிறது.

அணை வேளாண்மைக்குப் பயன்பட்டது, அதனை மறுத்தற்கில்லை. ஆனால் அக்கற்களோடு எத்தனை எழுத்துக்கள் நீருக்கடியில் போயின என்பதை இனி எவரும் எண்ணிச் சொல்ல இயலாது. எந்த ஊரின் கொடையோ, எந்தப் பெண்ணின் விளக்கோ, எந்த வாய்க்காலின் பெயரோ அவற்றில் இருந்திருக்கக்கூடும். பறிபோனவை போக எஞ்சிய கற்களை எழுத்தெண்ணிப் படிப்பதே இம்மண்ணில் பிறந்தோர்க்கு உரிய கடனாயிற்று. கோயிலில் எஞ்சியிருக்கும் நீண்ட கல்வெட்டு இராசேந்திரனுடையதன்று. அவன் மகன் வீரராசேந்திரன் காலத்தது. தந்தையின் கொடைகளையும் மகன் காலத்துக் கல்லின் வழியே அறிய வேண்டியிருக்கிறது. இத்தகைய இடத்தில் ஆரவாரப் பேச்சு உதவாது. பண்டாரத்தார் காட்டிய பொறுமையே உதவும்.

மேலப்பழுவூரையும் கீழையூரையும் எடுத்துக்கொள்ளலாம். புதினத்தின் வழியே பழுவேட்டரையரை அறிந்தவர் பல்லாயிரவர். குன்றக்கூற்றத்து அவனிகந்தர்ப்பபுரத்தில் அம்மரபினர் எழுப்பிய இரட்டைக் கோயிலைக் கீழையூரில் நேரிற் கண்டவர் அவர்களுள் மிகச் சிலரே. கதையில் வரும் பழுவேட்டரையர் ஆசிரியரின் படைப்பு. கல்லில் வரும் பழுவேட்டரையர் சோழர்க்குப் பெண் கொடுத்தும் போரில் துணைநின்றும் வாழ்ந்த குறுநில மன்னர். கோவிந்தபுத்தூரில், உத்தமசோழன் காலத்தில் அம்பலவன் பழுவூர் நக்கன் என்னும் அதிகாரி கற்றளி எடுப்பித்த செய்தி கல்லில் உள்ளது. பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரத்து வாலீசுவரர் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுக்கள் உள்ளன. தலைநகரின் புகழில் மறைந்துபோன இவ்வூர்களே மாணவனுக்கு நல்ல பாடநூல்கள்.

1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் தனியே அமைக்கப்பட்ட அரியலூர் மாவட்டம், 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இங்ஙனம் மாறிய காலத்திலும், கல்வெட்டில் உள்ள கூற்றமும் நாடும் வளநாடும் பழைய பெயர்களோடு அசையாமல் நிற்கின்றன. 2004இல் கங்கைகொண்ட சோழபுரக் கோயில் உலக மரபுச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. 2014இல் இராசேந்திரன் அரியணை ஏறிய ஆயிரமாவது ஆண்டு அங்கு விழாவாகக் கொண்டாடப்பட்டது. 1980ஆம் ஆண்டளவில் மாளிகைமேட்டில் தமிழகத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வு, 2021 முதல் மீண்டும் புத்துயிர் பெற்றது. செங்கற் சுவர்களும், கூரை ஓடுகளும், சீன மட்கலத் துண்டுகளும் வெளிப்பட்டன. புகழ் உலகெங்கும் சென்றுவிட்டது. அப்புகழுக்கேற்ற படிப்பு ஊரில் வளர்ந்ததா என்பதே எஞ்சி நிற்கும் வினா.

ஆசானைக் கடந்து செல்லுதல்

நன்றியுரை நடுநிலையோடு அமைதல் வேண்டும். பண்டாரத்தாரே அதனைத்தான் விரும்பியிருப்பார். அவருடைய வரலாறு பெரும்பாலும் அரசர் வரலாறு. பட்டம் எய்திய ஆண்டு, போர், மெய்க்கீர்த்தி, அரசியற் தலைவர் என்னும் அடைவிலேயே அது செல்கிறது. உழுதவன் செலுத்திய வரி, நிலம் கைமாறிய முறை, ஊரவையில் இடம்பெறாதவரின் வாழ்வு ஆகியவை அதில் குறைவாகவே பேசப்படுகின்றன. சாஸ்திரியாரின் நூலுக்கும் இக்கூற்று பெருமளவு பொருந்தும்.

அடுத்த தலைமுறை அதே கற்களிடம் வேறு வினாக்களைக் கேட்டது. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழ நாட்டு அரசியற் புவியியல் நூலில், கல்வெட்டுக்களில் சிதறிக்கிடந்த நாடுகளையும் வளநாடுகளையும் நிலப்படத்தில் வரைந்து காட்டினார். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, திருச்சிப் பகுதியின் அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களின் கல்வெட்டுக்களை ஒப்பிட்டு, வேளாளர் ஊரிலும் பிரமதேயத்திலும் நில உரிமை எவ்வாறு வேறுபட்டது என ஆராய்ந்தார். இவ்விருவரும் தொரு மட்சுயியும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுக்களில் வரும் பெயர்களையெல்லாம் தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். அரசன் பெயருக்காக மட்டும் படிக்கப்பட்ட கல், உழவன் பெயருக்காகவும் வணிகன் பெயருக்காகவும் படிக்கப்பட்டது.

இதனால் பண்டாரத்தாரின் நூல் பழங்கணக்காகிவிட்டதா? ஆகவில்லை. முடிவுகள் மாறும், புதிய செப்பேடு ஒன்று கிடைத்தால் ஆட்சியாண்டுகள் திருத்தப்படும். மாறாதது, சான்றின் முன் பணிந்து நிற்கும் மனநிலை. சாஸ்திரியாரின் கருத்தைப் பண்டாரத்தார் மதிப்போடு மறுத்தார். பண்டாரத்தார் கேளாத வினாவைப் பின்வந்தோர் கேட்டனர். ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்பவன் நல்ல மாணவன் ஆகான். ஆசிரியர் கையாண்ட முறையால் ஆசிரியரையே திருத்த வல்லவனே மாணவன்.

கவிஞர்க்கு உரிய கடன்

வரலாறு கற்றால் கவிதை உலர்ந்துவிடும் என அஞ்சுவோர் உண்டு. இராசேந்திரன் தன் வெற்றியின் நினைவாகக் கங்கை நீரைக் கொண்டு ஓர் ஏரியையே வெற்றித்தூணாக நாட்டினான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் கருத்து. இதனினும் உயர்ந்த கற்பனையை எந்தக் கவிஞர் புனைந்துவிட முடியும்? கல்லும் செப்பேடும் கவிஞனின் கையைக் கட்டுவதில்லை. அவனுக்குப் பொருள் தருகின்றன. ஆயினும் பொருளைப் பெறுபவன் அதன் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். அவ்வேரியைத் தோண்டிய கைகள் யாருடையவை என்னும் வினாவைச் செப்பேடு கேட்கவில்லை. அதனைக் கேட்பது இன்றைய கவிஞனின் உரிமை. கேட்குமுன் செப்பேடு கூறுவதை முழுதும் அறிந்துகொள்வது அவன் கடமை.

சுண்ணாம்புக் கல்லை வெட்டியெடுத்துச் சிமெண்ட் ஆக்கும் ஆலைகள் நிறைந்தது அரியலூர் மண். இங்குக் கல்லின் விலை அனைவரும் அறிவர். கல்லில் உள்ள எழுத்தின் மதிப்பை அறிவிக்க ஆசிரியர்கள் வேண்டும். இலக்கிய வட்டத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் தம் ஊர்க் கோயிலின் ஒரே ஒரு கல்வெட்டையேனும் படியெடுத்து, அதிலுள்ள ஊர்ப் பெயரையும் நிலத்தின் பெயரையும் இன்றைய வழக்கோடு ஒப்பிட்டு, ஒரு பக்கம் எழுதுவாராயின், அடுத்த பத்தாண்டு நிறைவில் வெளிவரும் மலர் இவ்விரு மாவட்டங்களின் வரலாற்றுக்கே மூலநூலாக அமையும். வண்டாழஞ்சேரியைத் தன் இடத்தில் நிறுத்தியது ஒரு விளக்குக் கொடையின் கல்வெட்டுத்தான். அத்தகைய எத்தனையோ விளக்குகள் இப்பகுதிச் சுவர்களில் படிப்பாரின்றி இருக்கின்றன.

சதாசிவ பண்டாரத்தார்க்குச் சிலையும் மண்டபமும் எழுப்புவதினும், அவற்றுள் ஒன்றைப் படித்து எழுதுவதே அப்பேராசானுக்குச் செய்யும் நிலைத்த வணக்கமாகும்.